மாவுக்காரிக்கு ஒரு மலிவு ரிவால்வர்

துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்று என் மகனிடம் நான் சொன்னது கோபத்தில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என்னை ஏதோ வீராங்கனை என்று நினைத்துக்கொள்வீர்கள். கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் ஓடிவிடும், புத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேரும். கல்யாணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலிருந்து எங்கள் தெருவுக்கே இது தெரியும்.

என் கணவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகு வியாபாரத்துக்காக இங்கே வந்தவர்கள். வந்தது அவருடைய தாத்தா காலத்தில். நான் பாலக்காட்டுக்காரி. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் ஊர்த் தமிழ்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். என் மகன் ஒரு படி மேலே போய், தமிழை மலையாள எழுத்தில் எழுதித்தான் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புவான். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான்.

நான் வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறேன். முன்னறையில் பெரிய கிரைண்டர் இரண்டு. காலையில் திறந்த வாசற்கதவை இருட்டிய பிறகுதான் சாத்துவேன். எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். குஜராத்தி வீட்டுக்காரர்களுக்கு மாவு புளிக்கவே கூடாது. கொங்கணி வீட்டம்மாவுக்கு உளுந்து கூடுதலாக வேண்டும். மலையாளிகளுக்கு நன்றாகப் பொங்கி வந்திருக்க வேண்டும். இன்ன தூக்குக்கு இன்ன மாவு என்பது எனக்கு மனப்பாடம். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வேறு எந்த வேலையைச் செய்திருந்தாலும் இவ்வளவு பேச்சுத் துணை கிடைத்திருக்காது.

அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துத் தெருவில் கள்ளன் புகுந்தான். அந்த வீட்டுக்காரர்கள் கும்பளங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பட்டப்பகலில் ஓட்டைப் பிரித்து இறங்கி, நகையையும் பித்தளை விளக்கையும் எடுத்ததோடு விடாமல், ஃபிரிட்ஜில் இருந்த மீன்கறியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். நகை போனதைவிட அந்த மீன்கறிதான் ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. யாரோ அதை வாட்ஸாப் குழுவில் போட, அது பெங்களூர் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து என் மகன் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தான். வீட்டை விற்றுவிட வேண்டும், இடப்பள்ளியில் ஒரு பிளாட் பார்த்து வைத்திருக்கிறான், நாங்கள் இருவரும் அங்கே போய்விட வேண்டும். வீட்டை வாங்க ஆளும் தயாராக இருந்தார். எங்கள் தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடும் ஒருவர், இந்த வீட்டையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"அம்மா, கேட்டுல ஆளு இருப்பான். எல்லா மாடியிலயும் கேமரா. லிஃப்டு உண்டு," என்றான் மகன்.

"லிஃப்டுல நின்னு மாவு விக்கவா?"

"மாவை விடும்மா. இந்த வயசுல என்னத்துக்கு மாவு?"

மாவை விடு என்று அவன் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த மாவில்தான் அவன் படித்தான் என்று சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை. அதனால் வாயில் வந்த வேறொன்றைச் சொன்னேன்.

"கள்ளன் வருவான்னுதானே பேடிக்கறே? நான் ஒரு தோக்கு வாங்கி வெச்சுக்கறேன். அப்பறம் வாயை மூடுவியா?"

தோக்கு என்றால் இங்கே துப்பாக்கி, பேடி என்றால் பயம். என் மகன் சிரித்தான். சும்மா சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்லிச் சிரித்தான். போனை வைத்தபோது துப்பாக்கி வாங்குவது என்று முடிவே செய்துவிட்டேன்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்குக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்வார். யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பார். மகன் பிளாட் என்றபோதும் சரி என்றார், நான் துப்பாக்கி என்றபோதும் சரி என்றார். அப்படிப்பட்ட மனிதரோடு சண்டை போடவும் முடியாது, அவரை நம்பி ஒரு பக்கம் சாயவும் முடியாது. சட்டையைப் போடச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு படகேறினேன்.

எர்ணாகுளத்தில் அந்தத் துப்பாக்கிக் கடையை எத்தனையோ தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் கண்ணாடி அலமாரி, ஒரு மின்விசிறி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பழம்பொரி தின்றுகொண்டிருந்த கடைக்காரர். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காட்டுப்பன்னியா சேச்சி?"

அவர் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலைப்பக்கத்துத் தோட்டக்காரர்கள் போலிருக்கிறது. கப்பைக்கிழங்குத் தோட்டத்தைப் பன்றி தோண்டிப்போடும் கதை கேட்டே அவருக்குப் பழக்கம்.

"மட்டாஞ்சேரியில ஏது பன்னி? கள்ளன்," என்றேன். "கையில பிடிக்கற மாதிரி சின்னதா ஒண்ணு வேணும். விலை ரொம்ப வேண்டாம்."

நான் மாவு விற்கிறவள். உளுந்து வாங்கினாலும் ஒரு பிடி அள்ளி மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்து, நாலு கடை விசாரித்துத்தான் வாங்குவேன். துப்பாக்கி என்பதற்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை. இருப்பதில் எது மலிவு, அந்த மலிவில் எது உருப்படி, இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. ஒரு படம் போட்ட புத்தகத்தைத் திறந்து காட்டினார். ரிவால்வர் என்றால் உருளையில் குண்டுகள் இருக்கும், விசையை இழுத்தால் உருளை தானே திரும்பும். பிஸ்டல் என்றால் கைப்பிடிக்குள் பெட்டி போலச் செருக வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும், பழக்கமில்லாதவர் கையில் சிக்கிக்கொள்ளும். எடுக்காமல் வருஷக்கணக்கில் வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ரிவால்வர்தான் ஏற்றது, அதில் கெட்டுப்போகிற சாமான் குறைவு என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மிக்சியும் அம்மியும் மாதிரி. அம்மி கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"அப்ப ரிவால்வரே போதும். என்ன விலை?"

சொன்னார். என் கணவர் மெதுவாகக் கதவைப் பார்த்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் செய்கிறதுதான் இருப்பதில் விலை குறைவு, அதுவே லட்சத்தைத் தாண்டிப் போனது.

"இதுல ஆறு குண்டு போடற எடம் இருக்கு. எங்களுக்கு ரெண்டு போதும். ரெண்டு குண்டுக்கு மட்டும் எடம் வெச்சு, விலை குறைச்சு ஒண்ணு கிடைக்காதா?"

கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். சாயா வரவழைத்தார்.

"சேச்சி, புதுசு வேண்டாம்னா பழசு உண்டு. வயசான ஆளுங்க லைசன்ஸைப் புதுக்க முடியாம விக்கறதுக்குக் கொண்டுவருவாங்க. பாதி விலைக்குக் கிடைக்கும். பக்ஷே லைசன்ஸ் இல்லாம நான் அதைத் தொடக்கூட விடமாட்டேன். தொட்டா போலீஸு கடையைப் பூட்டிருவான்."

"லைசன்ஸ் எப்ப கிடைக்கும்?"

"கிடைக்கும்போது கிடைக்கும்," என்று சிரித்தார். பிறகு, லைசன்ஸ் தேவையில்லாத ஒன்றும் தன்னிடம் உண்டு என்று அலமாரியிலிருந்து ஒரு ஏர் பிஸ்டலை எடுத்து மேசையில் வைத்தார். பார்ப்பதற்கு நிஜத் துப்பாக்கியேதான். விலையும் என் கைக்கு எட்டுகிற விலை. குழாயை மடக்கி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் சுடத் தயாராகும். பெண்களுக்குக் கொஞ்சம் கஷ்டம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மடக்கிவிட்டேன். கிரைண்டர் கல்லைத் தினமும் தூக்கிக் கழுவுகிற கை இது. என் கணவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதைச் சுட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒரு பலூன் ஒடையும். டப்பா இருந்தா ஓட்டை விழும்."

"கள்ளன் பலூன் கொண்டுவருவானா?"

"கண்டா பேடிப்பான்ல?"

அப்போது என் கணவர் வாயைத் திறந்தார். அந்தக் கடையில் அவர் பேசியது அந்த ஒன்றுதான். "அவன் பேடிக்காம, அவன் கையில நிஜமாவே ஒண்ணு இருந்தா?"

கடைக்காரர் ஏர் பிஸ்டலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். அதில் நியாயம் இருந்தது. மலிவாக வாங்குவது வேறு, மட்டமாக வாங்குவது வேறு. பழைய ரிவால்வர் ஒன்று, லைசன்ஸோடு, பாதி விலைக்கு. அதுதான் என் தேர்வு. நல்லதாக ஒன்று வந்தால் எனக்கென்று எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். படகில் திரும்பும்போது காற்று நன்றாக இருந்தது, எனக்கு மனசும் நன்றாக இருந்தது. ஒரு சாமானைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்ட திருப்தி எனக்குச் சாப்பிட்ட திருப்தி மாதிரி.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோம். காக்கநாட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வந்தோம். போலீஸ் வந்து விசாரிப்பார்கள் என்றார்கள். மகனிடம் மூச்சு விடவில்லை. கையில் லைசன்ஸ் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பி, அப்போது அவன் சிரிக்கிறானா பார்க்கலாம் என்று இருந்தேன். அவனோ ஓணத்துக்கு வரும்போது பிளாட்டைப் பேசி முடித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தத் தெருவை விட்டுப் போனால் நான் யாரிடம் பேசுவேன், காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று நினைத்தாலே அழுகை வரும். துப்பாக்கி ஒன்றுதான் என் பதில். அது வராவிட்டால் என்னிடம் வேறு பதில் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் போலீஸ் வந்தது. சின்ன வயசு சப்-இன்ஸ்பெக்டர் பெண். முகத்தில் களைப்பு, ஆனால் மரியாதையான பெண். கிரைண்டரை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். என் கணவர் கதவோரமாக நின்றார்.

"எந்தினா அம்மா தோக்கு? யாராவது மிரட்டறாங்களா?"

"மகன் மிரட்டறான். பிளாட்டுக்கு வரச்சொல்லி."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெருக் கள்ளனைப் பற்றிச் சொன்னேன். மீன்கறி வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சரி, கிடைச்சா எங்க வெப்பீங்க? பத்திரமா வெக்கணும். குண்டு தனியா, தோக்கு தனியா. வேற யாரு கைக்கும் போகக்கூடாது."

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். உள்ளறைக்குக் கூட்டிப்போய் இரும்பு அலமாரியைக் காட்டினேன். என் மாமியார் கொண்டுவந்த சீதனம். கடப்பாரை போட்டாலும் திறக்காது.

"நல்ல அலமாரி," என்றாள். "சாவி?"

"ஒண்ணு எப்பவும் என் இடுப்புலதான் இருக்கும்."

"இன்னொண்ணு?"

"அது இத்தாத்தா வீட்டுல."

உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் சொன்னேன். அவள் பேனா நின்றது.

"இத்தாத்தா யாரு? உங்க அக்காவா?"

"இல்ல, பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. எல்லாருக்கும் அவங்க இத்தாத்தாதான்."

"துப்பாக்கி வெக்கற அலமாரியோட சாவி, பக்கத்து வீட்டுலயா?"

"எங்க வீட்டு எல்லாச் சாவியும் அங்க ஒண்ணு இருக்கும். அவங்க வீட்டுச் சாவி இங்க இருக்கும். இல்லேன்னா தொலைஞ்சா என்ன பண்றது?"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லையோ என்று நினைத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளையும் காட்டினேன். எங்கள் தெரு வழக்கம் அது. உப்புக்காற்றில் பூட்டு இறுகும், சாவி துருப்பிடித்து ஒடியும், பிள்ளைகள் தொலைக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டின் இரண்டாவது சாவியும் வேறொரு வீட்டில் தொங்கும். எந்த வீட்டுச் சாவி என்று தெரிய ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். பச்சை இத்தாத்தா வீடு, மஞ்சள் குஜராத்தி வீடு, சிவப்பு கொங்கணி வீடு. எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற பெருமையில் நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

"அம்மா, உங்க வீட்டுச் சாவி மொத்தம் எத்தனை வீட்டுல இருக்கு?"

விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். என் கணவர் என் முழங்கையை மெல்லத் தொட்டார். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. புத்தி வழக்கம்போல் தாமதமாக வந்து சேர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை, எங்கள் வீட்டில் யாரும் தட்டுவதும் இல்லை. இத்தாத்தா முக்காட்டைச் சரி செய்துகொண்டு உள்ளே வந்தார். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கிரைண்டர் நின்றதையும் பிறகு ஒரு புதுக்குரலையும் கேட்டு, என்னவோ ஏதோ என்று வந்திருக்கிறார்.

"எந்தா மோளே, போலீஸு?"

எங்கள் வீட்டில் பேசிப் பேசி இத்தாத்தாவுக்குத் தமிழ் வரும், பாதி மலையாளத்தோடு. சப்-இன்ஸ்பெக்டரே அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். இத்தாத்தா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தேகம் கேட்கிற முகம்.

"அப்ப ஞான் பின்வாசல் வழியா வரும்போ நீ என்னைத் தோக்கால வெடி வெக்குமோ?"

எல்லோருக்கும் முன்னால் சப்-இன்ஸ்பெக்டர்தான் சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தாத்தாவும் சிரித்தார். எனக்கு மட்டும் முகம் சூடாகிவிட்டது. கடைக்குப் போய் உருளையைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், புதுசா பழசா என்று பார்த்தேன். அதை எந்தப் பக்கம் நீட்டுவது என்று ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. முன்வாசல் பக்கம் நீட்டினால் அங்கே தூக்கோடு நிற்பவர்கள் என் மாவுக்காரர்கள். பின்வாசல் பக்கம் நீட்டினால் இத்தாத்தா. இந்த வீட்டுக்குள் சொல்லாமல் வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள்.

"அம்மா, ஞான் எழுதினா வேண்டாம்னுதான் எழுதணும்," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"வேண்டாம்," என்றேன். "வேண்டாம்னே எழுதிக்கோங்க."

துப்பாக்கி போனது பெரிதில்லை. ஓணத்துக்கு வந்து நிற்கப்போகிற மகனுக்குச் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, வீட்டுச் சாவி தெரு முழுக்கத் தொங்குகிற கதை வேறு அவனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே லாரி பிடித்துவிடுவான். அந்த எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. அவன்தான். சாப்பாட்டு நேரத்தில் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம். கை தவறி எடுத்துவிட்டேன்.

திரையில் அவன் முகம் வந்தது. என் தோளுக்குப் பின்னால் காக்கிச் சட்டை அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது.

"அம்மா, அப்பா எங்க? அப்பாக்கு என்ன?"

வீட்டில் போலீஸ் என்றால் கள்ளனா என்று அவன் கேட்கவில்லை. நகை போச்சா என்று கேட்கவில்லை. போனைத் திருப்பி, கதவோரம் நின்றுகொண்டிருந்த அவரைக் காட்டினேன். அவன் மூச்சு விட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணும் பேடிக்கண்டா சார்," என்று சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து போனுக்குள் சொன்னாள். "உங்க அம்மா தோக்குக்கு அப்ளை பண்ணியிருந்தாங்க. இப்ப வேண்டாம்னுட்டாங்க. இந்த வீட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்லேன்னு ஞான் எழுதப்போறேன்."

அவன் சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"அம்மா, எனக்குக் கள்ளன் ஒரு விஷயமே இல்ல," என்றான். "போன மழைக்கு அப்பா குளிமுறித் தண்ணியில வழுக்கி விழுந்தாரே, அதை நீ ஒரு வாரம் கழிச்சுத்தான் என்கிட்ட சொன்னே. நீ மார்க்கெட் போயிருந்தேன்னு சொன்னே. அன்னியிலிருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. தனியா விழுந்து கெடந்தா யாரு பாக்கறது? பிளாட்டுல செக்யூரிட்டி இருப்பானேன்னுதான்."

இத்தனை நாளும் நானும் அவனும் கள்ளனைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறோம். அவனுக்கு இருந்த பயம் வேறு, அதை அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தப் பயத்துக்கு ரிவால்வர் எதற்கு ஆகும்? அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே பாசமாகிவிட்டது.

என் கணவர் வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். அவராகப் போனை வாங்கிப் பேசி நான் பார்த்ததில்லை. எப்போதும் நான் காதில் வைத்தால் இரண்டு வார்த்தை பேசித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"விழறதா இருந்தா நான் இங்கயே விழறேன்டா," என்றார். "இங்க விழுந்தா சத்தம் கேக்கும்."

இத்தாத்தா அவர் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்து, "அன்னிக்கு எனிக்குக் கேட்டுச்சே மோனே," என்றார். "ஞான் வந்துதான் தூக்கி உட்கார வெச்சது. உன் உம்மா மார்க்கெட்டிலிருந்து வரும்போ அச்சன் சாயா குடிச்சு முடிச்சாச்சு."

"அதை யாருமே என்கிட்ட சொல்லலையே," என்றான்.

"நீ லிஃப்டைப் பத்தித்தானே பேசினே?" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், போலீஸ்காரியின் முன்னால், வெட்கமில்லாமல்.

அவனுக்குப் பின்னால் யாரோ படியில் ஏறிப் போனார்கள், அவனைப் பார்க்கக்கூட இல்லை.

"சரிம்மா. பிளாட்டு வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்," என்றான். பிறகு, என்னிடம் இல்லை, அவன் அப்பாவிடம் சொன்னான். "இங்க நான் விழுந்தா யாருக்கும் கேக்காதுப்பா."

என் கணவர் போனை இன்னும் கொஞ்சம் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எனக்குக் கேக்கும்டா," என்றார்.